சொக்கோரோவுக்கும் பெலெனுக்கும் நடுவில்

இன்று காலையில் பித்தான் டப்பாவைத் தேடித் தையல் மெசினின் இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் பாலைவனம் மணத்தது.

மாரி தொடங்கி ஒரு கிழமையாகிறது. வாவிப் பக்கத்துச் சுவர் வழக்கம்போல் கசிகிறது. நூற்கண்டுகள்கூட ஈரம் குடித்துப் பாரமாக இருக்கின்றன. அந்த ஈரம் இழுப்பறைக்குள்ளும் ஏறியிருக்க வேண்டும். உங்கள் சட்டைப்பையிலிருந்து நான் எடுத்து வைத்த காய்ந்த கொப்பு அங்கேதான் கிடக்கிறது. விரலளவு நீளம், பொடி இலைகள், அவற்றிலும் பாதி உதிர்ந்துவிட்டன. வெயில் நாட்களில் அதற்கு மணமே கிடையாது. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், சூடான கல்லில் முதல் மழை விழுந்ததுபோல, அதற்குள் கொஞ்சம் தாரும் கலந்ததுபோல ஒரு மணம் எழும்பி வீடெல்லாம் நிற்கும். அங்கே மழை வந்தால் ஊர் முழுக்க இப்படித்தான் மணக்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. நீங்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பதுதான் என் வழக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட மகள் வாசலில் நின்றாள்.

“என்னம்மா மணக்குது?”

“அப்பாட வழி மணக்குது” என்றேன்.

அவள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இப்போது அவள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அவளும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். அவள் போனதும் மெசினைப் பலகைக்குள் மடக்கிவிட்டு, அதன்மேல் தாளை வைத்து இதை எழுதத் தொடங்கினேன். நீங்கள் இறந்தபின் வரும் இரண்டாவது மாரி இது. காலையில் உங்களோடு கதைக்காமல் கையில் ஊசி ஏறமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

உங்கள் முகத்துக்கு முன்பே குரலைத்தான் நான் அறிந்தேன். நான் மட்டக்களப்புக்குத் தையல் வகுப்புக்குப் போய்வந்த பஸ்ஸில் நீங்கள் கொண்டக்டர். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, “ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி, கிரான், வாழைச்சேனை!” என்று ஒரே மூச்சில் விடுவீர்கள். ஒரு நாள் என் காதடிக்கே வந்து கத்தினீர்கள்.

“எனக்குக் காது கேக்கும்” என்றேன்.

“கேக்குதா எண்டுதான் பாத்தன் புள்ள” என்றீர்கள்.

பனிச்சங்கேணி ஆளுக்கு அவ்வளவு வாய். பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி நீங்களே என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தீர்கள், ஒரு பெட்டியோடும் அந்தக் குரலோடும்.

பஸ்ஸை விட்டு நெல் லொறிக்கு மாறினீர்கள். பிறகுதான் அமெரிக்காவில் குடியேற இடம் தரும் அந்தக் கிறீன் காட் லொத்தர். சந்திக் கடையில் யாரோ விளையாட்டாக நிரப்பிவிட்டது உங்களுக்கு விழுந்தது. அதுவரைக்கும் கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒரு தேங்காய்கூட வென்றறியாத மனிதர் நீங்கள். அமெரிக்கா என்றதும் ஊரார் வானளவு கட்டடங்களை நினைத்துக்கொண்டு உங்களை வழியனுப்பினார்கள். உங்களுக்குக் கிடைத்ததோ நியூ மெக்சிக்கோவில் மணலும் முள்ளும் வெயிலும், மாட்டுப் பண்ணைகளுக்குப் புல்லுக்கட்டு ஏற்றும் ஒரு லொறியும்தான்.

அங்கே பொழுது சாயும்போது எனக்கு இங்கே விடிந்துவிடும். நீங்கள் லாஸ் க்ரூசஸ் என்ற ஊரில் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே புல் ஏற்றப் புறப்படுவீர்கள். நான் போனை மெசினின் நூல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுப் பள்ளிச் சீருடைக்குக் கழுத்துப்பட்டி தைப்பேன். முதலில் வண்டி இரைச்சல் கேட்கும். மறுகணம் அந்தப் பழைய கொண்டக்டர் குரல்.

“லாஸ் க்ரூசஸ், டோன்யா ஆனா, ரின்கோன், கபாயோ, சான் அன்டோனியோ, சொக்கோரோ, பெலென்! ஏறு, ஏறு!”

எல்லாம் ஸ்பானியப் பெயர்கள். முதலில் எனக்கு ஒன்றும் வாயில் நுழையவில்லை. நுழையும்வரை நீங்கள் விடவுமில்லை. “ரின்கோன் எண்டா மூலையாம் புள்ள. நம்மட வந்தாறுமூலை, கும்புறுமூலை மாதிரி இவனுகளும் மூலைக்குப் பேர் வைச்சிரிக்கானுகள்” என்றீர்கள். சொக்கோரோ என்றால் உதவியாம். தண்ணீரில்லாமல் வந்த வழிப்போக்கர்களுக்கு அந்த ஊர்க்காரர் சோளம் கொடுத்தார்களாம், அதனால் வந்த பெயராம். பெலென் என்பது பெத்லெகேமுக்கு அவர்கள் சொல்லும் பெயர். ஒவ்வொரு ஊரும் ஒரு பெற்றோல் செட், ஒரு மாதா கோயில், ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டு மூன்று நாய்கள். அவ்வளவுதான் என்பீர்கள். ஆனால் ஒவ்வொன்றையும் பெரிய பட்டினம்போல அறிவிப்பீர்கள்.

டோன்யா ஆனாவில் நான் கொஞ்சம் முறைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

“ஆரந்த ஆனா?”

“அது கவுண்டிட பேர்கா. நம்மட பிரதேச செயலகப் பிரிவு மாதிரி. ஆனா அம்மா எண்டு ஒரு பொம்பிளைட பேரில வைச்சதாம்.”

“ஒரு பொம்பிளைட பேரில அங்க ஒரு கவுண்டியே இரிக்கு. என்ட பேரில இஞ்ச ஒரு ஒழுங்கையாவது இரிக்கா?”

அடுத்த நாள் ஒரு படம் அனுப்பினீர்கள். லொறியின் முன் கண்ணாடிக்குக் கீழே, தடித்த மட்டையில் தமிழில் என் பெயர். வெள்ளைக்காரப் பொலிஸ்காரன் ஒருவன் அது என்னவென்று கேட்டானாம். கவுண்டியின் பெயர் என்று சொன்னீர்களாம். அதில் மட்டும் பாதியைக் கழிக்காமல் கேட்டேன்.

இந்த வாழைச்சேனையை விட்டு நான் எங்கே போயிருக்கிறேன்? ஆனாலும் கண்ணை மூடினால் அந்த வழி முழுவதும் எனக்குத் தெரிந்தது. கபாயோவில் வலப்பக்கம் ஒரு நீர்த்தேக்கம் வரும். அது தெரிந்ததும் உங்கள் குரல் இறங்கிவிடும். “தண்ணி கிடக்கு புள்ள” என்பீர்கள். நான் மெசினை நிறுத்திவிடுவேன். இங்கே என் யன்னலுக்கு வெளியே வாவி கிடக்கும். அதைச் சொல்லி உங்களை இன்னும் நோகடிக்காமல், நூல் அறுந்துபோனது என்று ஏதாவது பொய் சொல்வேன்.

இனி அந்தக் கொப்பின் கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இன்றைக்கு அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

நெல் லொறி ஓட்டிய காலத்தில், புணானையைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி, பக்கத்துப் பற்றையில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து, அங்கே நிற்கும் மரத்தின் கிளையில் மாட்டிவிட்டுக் கும்பிடுவீர்கள். காட்டைக் காக்கும் சாமிக்கு அது. யானை குறுக்கே வராமல் அக்கரை சேர்த்துவிடு என்று கேட்பது. இந்தப் பக்கத்துச் சாரதிகள் எல்லாரும் செய்வதுதான். எண்ணெய் இல்லாமல் புறப்படுபவர்கூடக் கொப்பு வைக்காமல் காட்டுக்குள் போகமாட்டார்.

பாலைவனத்துக்குப் போன புதிதில் ஒரு நாள் சந்தோசமாகச் சொன்னீர்கள்.

“புள்ள, இஞ்சயும் ஒரு வழிச்சாமி இரிக்கு!”

பெலெனுக்குக் கிட்டப் பெருந்தெருவை விட்டு இறங்கிப் பண்ணைக்குப் போகும் சின்ன வீதியில், ஒரு வளைவில். சின்னதாக ஒரு மரக் குருசு, பிளாஸ்டிக் பூ, தண்ணீர்ப் போத்தல், குருசின் தலையில் ஒரு தொப்பி.

“சாமிக்குத் தொப்பியா?” என்றேன்.

“இஞ்சத்த வெயில் அப்பிடி. சாமிக்கும் தாங்க ஒண்ணா.”

“சரி, கொப்பு வைச்சீங்களா?”

“வேதக்காரர்ர சாமிக்கு வைக்கலாமா?”

“வழியில இரிக்கிற சாமி எல்லாம் வழிக்குத்தான். வெறுங்கையோட அதத் தாண்டிப் போகாதீங்க” என்று நான்தான் சொன்னேன்.

அந்த வளைவில் பச்சை என்று ஒன்றும் முளைக்காது. அதனால் நீங்கள் சொக்கோரோவுக்கு முன்பே எங்காவது இறங்கி, இந்த மணக்கும் செடியில் ஒரு கொப்பை ஒடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். வளைவில் நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குருசின் காலடியில் அதை வைத்துக் கும்பிடுவீர்கள். பிறகு பெலென் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “வைச்சிட்டன்” என்பீர்கள். நான் அன்றைய இரண்டாவது தேநீரை அதற்குப் பிறகுதான் குடிப்பேன்.

அப்படியே ஒரு வருசம் ஓடியிருக்கும். ஒரு நாள் பெலெனில் நீங்கள் கூப்பிட்டபோது குரல் சரியில்லை.

“புள்ள, வெக்கமாப் போச்சு.”

வளைவில் ஒரு பழைய பிக்கப் நின்றதாம். அதற்குள் ஒரு வயதான பெண். பெயர் ரமோனா. யாரோ அங்கே குப்பை போடுகிறார்கள் என்று நினைத்து, யாரென்று பிடிக்கக் காத்திருந்தாராம். நீங்கள் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு அந்த முள்மணலில் நடந்ததைக் கண்டதும் கோபம் போய்விட்டதாம். இறங்கி வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டாராம்.

“இது வழிச்சாமிதானே அம்மா எண்டு கேட்டன் புள்ள. அந்த மனிசி என்னையே பாத்துக்கொண்டு நிண்டிச்சு. மறுகா சொல்லிச்சு, இது என்ட மகன் எண்டு.”

மத்தேயோ. அந்த வளைவில் அவனுடைய வண்டி புரண்டிருக்கிறது. அந்த ஊர்களில் வழியில் இறந்தவர்களுக்கு இறந்த இடத்திலேயே குருசு நடுவார்களாம். தொப்பி அவனுடையது. எவருடைய பிள்ளையிடமோ நாங்கள் ஒரு வருசமாக வழித்துணை கேட்டிருக்கிறோம்.

“மன்னிப்புக் கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டன். கையப் புடிச்சிக்கிட்டு அழுதிச்சு. எல்லாரும் இஞ்ச வந்து என்ட மகனப் பாத்துப் பரிதாபப்பட்டுட்டுப் போறாங்க, இதுவரைக்கும் அவனிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்ல, நீ கேளு, விடாமக் கேளு எண்டு சொல்லிச்சு.”

அன்றைக்கு நாம் இருவரும் அழுதோம். நீங்கள் பெலெனிலும் நான் வாழைச்சேனையிலும். பிறகு நீங்கள் ஒருநாளும் கொப்பு வைக்காமல் அந்த வளைவைத் தாண்டியதில்லை. சில நாட்களில் ரமோனா அங்கே நின்றால் போனை அவரிடம் கொடுப்பீர்கள். அவர் ஏதோ சொல்வார், நான் ஏதோ சொல்வேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுவோம்.

என்னையும் ஒரு தடவை அங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. “ஒரே ஒருக்கா முன் சீற்றில வந்து இரு. லாஸ் க்ரூசஸில ஏறி பெலென்ல இறங்கு. மறுகா ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருவம்.” முதலில் என் அம்மா படுக்கையில் இருந்தார். அவர் போனபின் மகளின் படிப்பு. அதுவும் முடிந்து கடைசியில் கொழும்பில் விசா நேர்முகத்துக்கும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே மாலையில் குளிரும் என்று நீங்கள் சொன்னதால் எனக்கு நானே ஒரு தடித்த கையுள்ள சட்டை தைத்து வைத்தேன். எல்லா ஊரும் எனக்குப் பாடம். ஏறி உட்கார வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அன்று காலையில் நான் நீலக் காற்சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சான் அன்டோனியோவைத் தாண்டியபோது, இடது கை உளைகிறது என்றீர்கள். நேற்றுப் புல்லுக்கட்டுப் பிடித்ததால் இருக்கும் என்றும் நீங்களே சொன்னீர்கள்.

“சொக்கோரோ வந்திட்டு புள்ள. ஒரு ரீ குடிச்சிட்டு வெளிக்கிடுறன். பெலென்ல எடுக்கிறன்.”

“ஓம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் அடுத்த ஊரில் கூப்பிடப் போகிறவரிடம் வேறு என்னதான் சொல்வது?

சொக்கோரோவிலிருந்து பெலெனுக்கு ஒரு காற்சட்டை தைத்து முடிக்கும் நேரம்தான். முடித்தேன். இன்னொன்றை எடுத்தேன். அதையும் முடித்து, அடுத்ததற்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மகளுக்குத்தான் போன் வந்தது. சொக்கோரோவிலேயே வண்டியை ஓரமாக, கோட்டுக்குள் நேராக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டுச் சாய்ந்திருந்தீர்களாம். நெஞ்சடைப்பு என்றார்கள். மகள் வந்து சொன்னபோது, “இன்னும் பெலென் வரல்லையே” என்றுதான் கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை.

உங்களோடு வேலை செய்த ஒருவர் சாம்பலையும் உங்கள் பெட்டியையும் கொண்டுவந்து தந்தார். சாம்பலைப் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் கரைத்தோம். நீங்கள் நீந்தப் பழகிய தண்ணீர். உங்கள் மனைவி என்ற கணக்கில் என்னை அழைத்த அந்த நாடு, நீங்கள் போனதும் என்னை மறந்துவிட்டது. பிறகு ஒருமுறை வேறு வழியில் கேட்டுப் பார்த்தோம், இல்லை என்றார்கள். தடித்த கைச்சட்டை அலுமாரியில் கிடக்கிறது.

பெட்டியில் உங்கள் சாம்பல்நிறச் சட்டை இருந்தது, நான் தைத்து அனுப்பியது. போன் விழாமல் இருக்க வேண்டும் என்று அதன் பையை ஆழமாக வெட்டி, மேலே மூடியும் பித்தானும் வைத்திருந்தேன். தோய்ப்பதற்காகப் பித்தானைக் கழற்றினேன். உள்ளே இந்தக் கொப்பு.

அன்றைக்குரிய கொப்பு. மத்தேயோவுக்கு ஒடித்த கொப்பு. போய்ச் சேராத கொப்பு. உங்கள் சாவைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்ட எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. நீங்கள் வாக்குத் தவறாத மனிதர், வைக்காமல் அந்த வளைவைத் தாண்டாதவர், இப்போது இடைவழியில் நிற்கிறீர்கள் என்றே என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. தபாலில் அனுப்பலாமா என்று மகளிடம் கேட்டேன். பச்சையோ காய்ந்ததோ, செடி என்றால் சுங்கத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள் என்றாள். எறிந்துவிடுவார்களாம்!

கடைசியில் ரமோனாவைக் கூப்பிட்டோம். அவர் வளைவிலிருந்துதான் பேசினார். போனைத் திருப்பிக் காட்டினார். குருசு, தொப்பி, அதன் காலடியில் ஒரு புதிய கொப்பு. அவர் காலில் செருப்பு இல்லை. இப்போது அவரும் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போகிறாராம். கொப்பின் கதையை மகள் சொன்னாள். ரமோனா சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“அவ ஒவ்வொரு கிழமையும் அப்பாக்காக ஒண்டு வைக்கிறாவாம். ஆனா அது அப்பாட கொப்பு இல்லையாம். அத நீங்கதான் வைக்கணுமாம். எங்க வைச்சாலும் மத்தேயோ எடுத்துக்கொள்ளுவானாம்.”

எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே தேவையில்லை. போன மாதம் பொலன்னறுவை பஸ்ஸில் ஏறினேன். வீதி இப்போது அகலமாகிவிட்டது. ஆனால் யானை இன்னும் வருகிறது, அதனால் சாமியும் அங்கேயே இருக்கிறது. காட்டுத் தொடக்கத்தில் சாரதி நிறுத்தினார். நானும் இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். நீங்கள் மாட்டிய கிளை எது என்று தெரியவில்லை, எல்லாவற்றிலும் யார் யாரோ மாட்டியவை வாடித் தொங்கின. கைப்பைக்குள் கையை விட்டுக் கொப்பைப் பிடித்தேன்.

கை வெளியே வரவில்லை. பிடிவாதம்தான், வேறென்ன சொல்ல. இதை வைத்துவிட்டால் நீங்கள் வளைவைத் தாண்டிவிடுவீர்கள். பெலெனும் வந்துவிடும். அங்கிருந்து போன் வராவிட்டால் நான் எந்த ஊரைப் பார்த்துக் காத்திருப்பேன்?

“அம்மா, கெதியா வைங்க, போகணும்” என்றார் சாரதி.

பக்கத்துப் பற்றையில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்தேன். எட்டிய கிளையில் மாட்டினேன். உங்களுக்காக நான் எத்தனையோ சாமியிடம் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு ஒரு தாயின் பிள்ளையிடம்தான் கேட்டேன். “மத்தேயோ தம்பி, பனிச்சங்கேணி ஆள் ஒருத்தர் சொக்கோரோல ரீ குடிச்சிட்டு நிக்கிறார். உன்ட கொப்பு என்னட்டத்தான் இரிக்கு, அவரக் கோவிக்காத. பாத்துக் கூட்டிப் போ” என்று சத்தமாகவே சொன்னேன். பஸ்ஸிலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

மழை வலுக்கிறது. இன்று நான்கு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக் கொடுக்க வேண்டும், மெசினை விரிக்கப் போகிறேன். போனை வழக்கம்போல் நூல் கம்பியில் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த மடலை முடித்ததும் கொப்பைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துவிடுவேன், இழுப்பறையில் விட்டால் மாரிக்குப் பூஞ்சணம் பூத்துவிடும். அது என்னோடுதான் வரும், நான் எங்கே போனாலும்.

அவசரமில்லை. ரீயை ஆறுதலாகக் குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள். பெலென் வந்ததும் எடுங்க.